ஏற்காட்டில் ஒரு கச்சேரி, இடது காதில் ஒரு சத்தம்

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஏற்காட்டில் ஒரு இசை நிகழ்ச்சிக்குத் தனியாகப் போனேன். மூன்று மணி நேரம் பாட்டுக் கேட்டுவிட்டு வந்தேன். அன்று இடது காதில் ஏறிக்கொண்ட ஒரு சத்தம் ஐந்து மாதம் என்னைச் சரியாகத் தூங்கவிடவில்லை. இப்போது குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. அந்த முதல் வாரத்தில் நான் செய்தது எல்லாமே தப்பு என்று பிறகுதான் தெரிந்தது. விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து "நாளைக்கே காது டாக்டரைப் பார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதியாவது தப்பித்திருப்பேன். கச்சேரி என்றால் ஆசையாக ஓடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த ஒரு வார்த்தை அவர்களுக்காவது நேரத்தில் கிடைக்கட்டும்.

நான் சேலம் அம்மாபேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்தவள். வீட்டை ஒட்டியே அப்பாவின் குடோன், நாலு விசைத்தறி. அம்மா தறிக்கு நூல் கட்டையில் தார் சுற்றுவார். ஊடு நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடா அடிக்கிற அடியில் உள்ளே பேச்சு எடுபடாது. பாவு நூல் அறுந்தால் கையை ஆட்டுவார்கள், டீ வேண்டும் என்றால் விரலைக் காட்டுவார்கள். அந்தச் சத்தத்தையும் மீறிக் கேட்க வேண்டும் என்று அப்பா டேப் ரெக்கார்டரை முழு வால்யூமில் வைத்துப் பாட்டுப் போடுவார். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்துவிட்டால் தெருவுக்குத் தெரு மெல்லிசைக் கச்சேரி நடக்கும். அப்பா என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஸ்பீக்கர் பாக்ஸ் பக்கத்திலேயே நிற்பார். டிரம்ஸ் அடித்தால் நெஞ்சுக்கூட்டுக்குள் ஒரு குத்து விழும். அந்தக் குத்துக்காகவே அடுத்த ஆடி எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தக் கச்சேரிகளை அப்பா டூ-இன்-ஒன்னில் பதிவு செய்து வைத்திருந்தார். பதினேழு கேசட், ஒவ்வொன்றிலும் தேதியும் தெருப் பெயரும் பால்பாயிண்ட் பேனாவில். அவை இப்போது என்னிடம் இருக்கின்றன.

இப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு நூல் கடையில் கணக்கு எழுதுகிறேன். போகவர பஸ்ஸில் இயர்போன். சில வருடங்களாகவே நான் அதிகம் கேட்பது படத்தில் வராத பாட்டுகள்தான். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு முதல் முறை மேடை ஏறியதை மறுநாளே போனில் பார்த்தேன். கானா, பறை, ராப் எல்லாம் ஒரே மேடையில். ஹீரோ கிடையாது, கதை கிடையாது. பாடுகிறவர்கள் தங்கள் வாழ்க்கையைத் தங்கள் வாயால் பாடினார்கள். எனக்கு எங்கள் தெருக் கச்சேரி ஞாபகம் வந்தது. அதற்கப்புறம் இப்படிப்பட்ட சின்னக் குழுக்களைத் தேடித் தேடிக் கேட்க ஆரம்பித்தேன். ஆனால் நேரில் கேட்க வேண்டும் என்றால் சென்னை அல்லது பெங்களூர் போக வேண்டும். அதனால் ஏற்காட்டிலேயே மூன்று குழுக்கள் வருகின்றன என்று போனில் பார்த்தபோது இரண்டாவது யோசனையே இல்லாமல் டிக்கெட் எடுத்தேன், 1,200 ரூபாய். இரவு இறங்கி வரப் பஸ் கிடைக்காது என்பதால் 2,300 ரூபாய்க்கு ஒரு அறை. வீட்டுக்காரருக்கு இதிலெல்லாம் விருப்பம் இல்லை, மகனுக்குப் பரீட்சை. சரி, தனியாகவே போகலாம் என்று கிளம்பிவிட்டேன்.

நிகழ்ச்சி நடந்தது காப்பித் தோட்டத்தை ஒட்டிய ஒரு கூடத்தில். திறந்தவெளி என்றுதான் சொல்லியிருந்தார்கள், மழையால் உள்ளே மாற்றிவிட்டார்கள். தகரக் கூரை, தாழ்ந்த கூடம், பக்கவாட்டில் கண்ணாடி. இருநூறு பேர் இருப்பார்கள். மேடைக்கு இரண்டு பக்கமும் என் உயரத்துக்கு மேல் ஸ்பீக்கர் அடுக்கு. நான் சின்ன வயதில் நின்ற மாதிரியே இடது பக்கத்து ஸ்பீக்கரிலிருந்து ஐந்தாறு அடியில் போய் நின்றுகொண்டேன். முதல் பாட்டிலேயே நெஞ்சுக்குள் அந்தக் குத்து விழுந்தது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை, பார்த்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டேன். முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய ஒரு இரவு அப்படியே திரும்பி வந்த மாதிரி இருந்தது. அங்கிருந்து ஒரு அடிகூட நகரவில்லை.

ஒன்றை அப்போதே கவனித்தேன், அர்த்தம்தான் புரியவில்லை. கூடத்தின் பின்னால், ஒலிகளைக் கலக்கும் மிக்சரில் உட்கார்ந்திருந்த பையனின் இரண்டு காதிலும் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ சின்னதாகத் துருத்திக்கொண்டிருந்தது. டிரம்ஸ் வாசித்தவர் காதிலும் ஏதோ மாட்டியிருந்தார். அதெல்லாம் அவர்கள் வேலைக்கான கருவி என்று நினைத்தேன். அந்த ஆரஞ்சு நிறத் துண்டு நாற்பது ரூபாய் ஸ்பாஞ்ச் அடைப்பான் என்று பிறகு டாக்டர் மேஜையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கச்சேரிக்குப் போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்: தினமும் அந்தச் சத்தத்தில் இருக்கிறவர்கள் காதை மூடிக்கொண்டிருந்தால், நமக்கும் அது தேவை என்று அர்த்தம்.

அறைக்கு வந்து கதவைச் சாத்தியதும் அது தெரிந்தது. வெளியே மழை நின்றிருந்தது, ஏற்காட்டில் இரவு பத்தரைக்கு மேல் ஒரு சத்தம் கிடையாது. என் தலைக்குள் மட்டும் 'கீ' என்று ஒரே சீரான ஒலி. பழைய டிவியை அணைக்காமல் விட்ட மாதிரி. கச்சேரி முடிந்தால் கொஞ்ச நேரம் காது கொய்ங் என்பது எனக்குப் பழக்கம்தான், சின்ன வயதிலும் அப்படி இருந்திருக்கிறது. காலையில் சரியாகிவிடும் என்று படுத்தேன். காலையிலும் இருந்தது. கூடவே இடது காதில் பஞ்சு வைத்து அடைத்த மாதிரி ஒரு கனம்.

இங்கேதான் என்னை மலை ஏமாற்றியது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டர்கூட இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கும்போது யாருக்கும் காது அடைக்கும், கொட்டாவி விட்டால் திறந்துகொள்ளும். நான் பஸ்ஸில் கொட்டாவி விட்டேன், எச்சில் விழுங்கினேன், மூக்கைப் பிடித்து ஊதினேன். திறக்கவில்லை. மலை இறங்கிய அடைப்பு, குளிரில் சளி வேறு பிடித்திருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டு இரண்டு நாள் சும்மா இருந்தேன். மூன்றாம் நாள் மருந்துக் கடையில் சொன்னேன். அழுக்கு அடைத்திருக்கும் என்று 165 ரூபாய்க்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள், விட்டேன். நான்காம் நாள் அம்மா வந்து பூண்டு காய்ச்சிய எண்ணெயை வெதுவெதுப்பாக விட்டார். அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன், எங்கள் வீட்டில் காதுவலிக்கு எப்போதும் அதுதான் வைத்தியம். ஆனால் என் காதில் கெட்டுப்போயிருந்த இடம் சவ்வுக்கு உள்ளே, சொட்டும் எண்ணெயும் எட்டவே முடியாத ஆழத்தில் இருந்தது. அன்று மாலை கடையில் போனை இடது காதில் வைத்தபோது எதிர்முனையில் பேசியவர் "சத்தம்" என்றாரா "பத்தம்" என்றாரா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. வலது காதுக்கு மாற்றினேன், தெளிவாகக் கேட்டது. அப்போதுதான் உண்மையாகவே பயம் வந்தது.

ஆறாம் நாள் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். சவ்வு நன்றாக இருக்கிறது, அழுக்கும் இல்லை என்றார். ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, 'கேட்டால் பொத்தானை அழுத்துங்கள்' என்றார்கள். 250 ஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த சுருதியிலிருந்து 8,000 என்ற உச்ச சுருதி வரை ஒவ்வொரு ஒலியாகக் குறைத்துக்கொண்டே வருவார்கள். முடிந்ததும் ஒரு வரைபடம் கையில் கொடுத்தார்கள். இரண்டு காதுக்கும் இரண்டு கோடு. இடது காதின் கோடு சமமாக வந்து, 4,000-இல் பள்ளத்தில் விழுந்து, 8,000-இல் மறுபடி மேலே ஏறியது. டாக்டர் பேனாவை அந்தப் பள்ளத்தில் வைத்துவிட்டு, "தறியில வேலை பாக்கறீங்களா?" என்று கேட்டார். சத்தத்தால் கெட்ட காதில் பள்ளம் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் விழுமாம். கச்சேரி என்றேன். எப்போது என்றார். ஆறு நாள் ஆயிற்று என்றதும் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார்.

அவர் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன். உள்காதில் சுமார் 15,000 மயிர்ச்செல்கள் இருக்கின்றன. பிறக்கும்போது வந்ததுதான், செத்தால் திரும்ப முளைக்காது. பெரிய சத்தத்தில் சில செல்கள் களைத்துப்போகும், சில செத்துப்போகும். களைத்தது மட்டும் என்றால் ஓரிரு நாளில் காது தெளிந்துவிடும். இரண்டு நாள் தாண்டியும் அடைப்போ சத்தமோ குறையவில்லை என்றால், அதுவும் ஒரு காதில் மட்டும் கேட்பது திடீரென்று மங்கினால், அவசரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரை பலன் தர வாய்ப்பு இருப்பது ஆரம்ப நாட்களில்தான், இரண்டு வாரம் தாண்டினால் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். எனக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டு வாரம் அளவைக் குறைத்துக்கொண்டே வருகிற மாதிரி எழுதிக் கொடுத்தார். தனியார் டாக்டருக்குச் செலவு செய்ய முடியாதவர்கள் தயங்க வேண்டாம், சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. போக வேண்டியது எங்கே என்பதைவிட எத்தனையாவது நாள் போகிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

மாத்திரை முடிந்தபின் இன்னொரு ஆடியோகிராம், அதாவது அதே ஹெட்போன் சோதனை. பள்ளம் பாதி மேலே வந்திருந்தது, அத்தோடு நின்றுவிட்டது. காதுச் சத்தம் மட்டும் அப்படியே இருந்தது. அந்த டிசம்பர், ஜனவரியைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பகலில் கடைச் சத்தத்தில் மறந்திருப்பேன். இரவு எல்லோரும் தூங்கியபின் அது பெரிதாகும். பாட்டுக் கேட்கவே பிடிக்காமல் போனது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் அந்த ஒரு நொடி அமைதிதான் எனக்கு எப்போதும் பிடித்த இடம், அந்த இடத்தில் இப்போது இது உட்கார்ந்திருந்தது. இனி அமைதி என்பதே எனக்கு இல்லை என்று ஒரு இரவு மொட்டை மாடியில் போய் அழுதேன். வீட்டில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. வெளியில் காயம் இல்லை, வலியும் இல்லை, "அதையே நெனைக்காத" என்பார்கள்.

அந்த நிலையில்தான் போனில் ஒரு விளம்பரம் பார்த்து ஏமாந்தேன். காது இரைச்சல் முப்பது நாளில் நிற்கும் என்று மூன்று பாட்டில், 9,600 ரூபாய். வீட்டில் சொல்லாமல் வாங்கினேன். ஒன்றும் ஆகவில்லை, பணம் திரும்பக் கேட்டபோது அந்த எண்ணே எடுபடவில்லை. டாக்டரிடம் சொன்னதும், இந்தச் சத்தத்தை நிறுத்துகிற மாத்திரையோ மூலிகையோ எதுவும் நிரூபிக்கப்பட்டதாக இல்லை என்றார். முதல் நாளே கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். தூக்கமில்லாத ஆளிடம் எதையும் விற்றுவிடலாம். அதனால் இரவில் எதற்கும் பணம் கட்டாதீர்கள், காலையில் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். நான்கு முறை டாக்டர் கட்டணம், மூன்று ஆடியோகிராம், மாத்திரை, சொட்டு மருந்து என்று 5,165. இந்தப் பாட்டில்களோடு சேர்த்து 14,765 ரூபாய். பதினோரு நாள் சம்பளம் இல்லாத விடுப்பு தனி.

உண்மையில் உதவியது செலவே இல்லாத ஒன்று. டாக்டர் விளக்கினார்: காதிலிருந்து வர வேண்டிய ஒலி குறைந்ததும், அதைத் தேடி மூளை தானே வால்யூமைக் கூட்டிக்கொள்கிறது, அந்தக் கூடுதல்தான் உங்களுக்குக் கேட்கிறது, அதனால் முழு அமைதியில் படுக்காதீர்கள், மெல்லிய சீரான ஒரு ஒலி பக்கத்தில் இருக்கட்டும் என்றார். ஃபேன் போட்டுப் பார்த்தேன், மழைச் சத்தம் போட்டுப் பார்த்தேன். ஒருநாள் அப்பாவின் கேசட் ஒன்றை எடுத்துப் போட்டேன். சேலத்தில் குகை என்கிற பகுதியில் நடந்த ஒரு கச்சேரி. பாட்டுக்கு முன்னால் பேச்சில்லாத இடத்தில் டேப் 'ஸ்ஸ்' என்று ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் என் காதுச் சத்தம் கரைந்துபோனது. டேப்பின் இரைச்சலில் எல்லா அலைவரிசையும் கலந்திருப்பதால் அப்படி மூடிவிடுகிறதாம். அன்றிலிருந்து கேசட்டின் கடைசியில் ஒன்றும் பதிவாகாத பகுதியைப் போட்டுவிட்டுத்தான் தூங்குவேன். ஏப்ரல் வாக்கில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, அன்று எழுந்ததிலிருந்து அதை நினைக்கவே இல்லை என்று உறைத்தது. அது அங்கேதான் இருந்தது. நான்தான் கவனிக்கவில்லை.

கணக்கு எழுதுகிறவள் என்பதால் அந்த இரவின் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். சத்தத்தை அளக்கிற அலகு டெசிபல்; 85 டெசிபலில் எட்டு மணி நேரம் காது தாங்கும் என்பது வேலையிடங்களுக்கு நிபுணர்கள் பரிந்துரைக்கும் அளவு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் நாலு மணி, 91 என்றால் இரண்டு, 94 என்றால் ஒன்று, 100 என்றால் வெறும் கால் மணி நேரம். ஸ்பீக்கர் பக்கத்தில் 100-ஐத் தாண்டுவது சாதாரணம். நான் அங்கே நின்றது மூன்று மணி நேரம். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் இசை அரங்குகளுக்கென்று ஒரு வரையறை கொடுத்திருக்கிறது: ஒலி சராசரியாக 100 டெசிபலைத் தாண்டக் கூடாது, வருகிறவர்களுக்குக் காது அடைப்பான் கிடைக்கச் செய்ய வேண்டும், காதுக்கு ஓய்வு கொடுக்க அமைதியான இடம் ஒன்று ஒதுக்க வேண்டும். நான் போன இடத்தில் இதில் ஒன்றும் இல்லை. கேட்டு வாங்க வேண்டும் என்று எனக்கும் தெரியாது.

கச்சேரியை நான் விடவில்லை. மே மாதம் சேலத்திலேயே ஒரு சின்ன நிகழ்ச்சிக்குப் போனேன், இரண்டு ஜோடி அடைப்பானோடு. ஸ்பாஞ்ச் வகை நாற்பது ரூபாய். சுத்தமான விரலால் மெல்லிசாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும் வரை அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். சும்மா காது வாசலில் செருகினால் பயன் இல்லை. வெறும் பஞ்சு வைத்தால் அதுவும் பயன் இல்லை. ஸ்பாஞ்சில் ஒரு குறை, மேல்ஸ்தாயி அதிகம் அமுங்கிவிடும், பாடுவது போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். இசைக்கென்றே வடிகட்டி வைத்த வகை ஒன்று உண்டு, நான் 1,900 ரூபாய்க்கு வாங்கினேன். அது எல்லா ஒலியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு கூடத்தின் நடுவுக்கும் பின்னால், மிக்சர் பக்கத்தில் நின்றேன். பாட்டு அங்கேதான் சரியாகக் கலந்து கேட்கும், அதைக் கலக்குகிறவரே அங்கே உட்கார்ந்துதான் கலக்குகிறார். ஆச்சரியம் என்னவென்றால் வரிகள் இன்னும் தெளிவாகப் புரிந்தன. நெஞ்சுக்குள் குத்தும் விழுந்தது. அது காது வழியாக வருவதில்லை, உடம்பு வழியாக வருகிறது. இது எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தால் ஸ்பீக்கரை ஒட்டி நின்றிருக்கவே மாட்டேன். ஒவ்வொரு குழு முடிந்ததும் வெளியே போய்ப் பத்து நிமிடம் நின்று, ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு உள்ளே வந்தேன்.

டாக்டர் தறியைப் பற்றிக் கேட்டது மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. விசைத்தறிக் குடோனில் 90 டெசிபலுக்குக் குறையாது. அப்பாவுக்குக் காது மந்தம் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். தறி காதைக் கெடுக்கும் என்று தெரிந்த நானே பாட்டும் கெடுக்கும் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. ஆசையாகக் கேட்கிறோமா கஷ்டப்பட்டுக் கேட்கிறோமா என்பது அந்தச் செல்களுக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "காதுல சத்தம் ஏதாச்சும் கேக்குதாப்பா?" என்று உரக்கக் கேட்டேன்.

"கேக்குமே கண்ணு. தறி ஓடற சத்தம்" என்றார். குடோனை மூடிப் பதினோரு வருடம் ஆகிறது. "இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்குது. எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சேன்."

அப்பாவையும் அதே சின்ன அறையில் உட்கார வைத்து ஆடியோகிராம் எடுத்தோம். இரண்டு காதிலும் பள்ளம், என்னுடையதைவிட மிக ஆழம். காது மிஷின் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். குறைபாட்டின் அளவைப் பொறுத்து மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் மிஷின் தருகிறார்கள், கேட்டுப் பார்க்கலாம். நாங்கள் வெளியில் வாங்கினோம். அதை மாட்டிய அன்று சாயங்காலம் அந்தக் குகைக் கேசட்டைப் போட்டேன். அப்பா கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "டேப்பு கெட்டுப்போச்சா கண்ணு? பின்னாடி ஸ்ஸுன்னு ஏதோ வருதே, முன்னாடி இப்படி வராதே" என்றார்.